கைக்கெட்டும் உயரம்

எட்டாத பொருள்களைப் பற்றி நம் முன்னோர் நிறையவே சொல்லி வைத்திருக்கின்றனர். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பர். எட்டாத பழம் புளிக்கும் என்பர். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதையைச் சொல்வர். இவையெல்லாம் ஆசையைப் பற்றிய பேச்சுக்கள். கைக்கு எட்டியே ஆகவேண்டிய ஒரு பொருள் எட்டாத உயரத்திலே தொங்கியமையால் ஒரு மனிதரின் கால் நசுங்கியதை நான் கண்டிருக்கின்றேன். அப்பொருள் எந்த உயரத்தில் தொங்க வேண்டுமென்று தீர்மானித்தவனும் நானே. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

நான் பிறந்து வளர்ந்த ஊர் அக்குறணை. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டையைக் கடந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையின் இருமருங்கும் கடைகளாக நெருங்கி நிற்கும் ஊர் அது. கண்டியிலிருந்து மைல்களை எண்ணி ஆறாம் கட்டை, ஏழாம் கட்டை என்று இடங்களைக் குறிப்பிடும் பழக்கம், மைல் போய்க் கிலோமீற்றர் வந்த பின்னரும் அங்கு அழியவில்லை. ஊரின் பிழைப்பு வணிகம். ஊரின் கவலை வெள்ளம். பிங்கா ஓயா ஊருக்குள்ளாக ஓடி மகாவலியைச் சென்றடைகின்றது. மலைச்சரிவுகளில் இரண்டு மணி நேரம் கடுமழை பெய்தாற் போதும். வண்டலாலும் கட்டடங்களாலும் ஒடுங்கிப்போன அவ்வாறு கரையை மீறிப் பெருந்தெருவிலே ஓடத் தொடங்கிவிடும். இறங்கும் போதும் அதே வேகந்தான். மாலையில் இடுப்பளவு நின்ற நீர் காலையில் இராது. சேறு மாத்திரம் இருக்கும். ஆதலால் அக்குறணைக் கடைக்காரர் எவரும் தம் பொருள்களை நிலத்தளவில் நம்பி வைப்பதில்லை. மேல்தட்டு அவர்களுக்கு ஆடம்பரமன்று, காப்பு.

என் தாய்மாமன் அவ்வூரில் இரும்புக்கடை நடத்தி வந்தார். கொங்கிறீற்றுக் கம்பி, சீமெந்து, கூரைத் தகடு, ஆணி, வண்ணப்பூச்சு ஆகியன அங்கு விற்பனையாகும். கடையின் பின்புறக் களஞ்சியத்திற்கு மேல்தளம் ஒன்றுண்டு. அத்தளத்தில் ஒரு திறப்பு. திறப்பின் மேலே கூரையை ஒட்டியோடும் இரும்புத் தீராந்தி. தீராந்தியிலே மாமா எங்கோ ஏலத்தில் எடுத்து வந்த பழைய மின்சாரப் பாரந்தூக்கி. ஒரு தொன் எடை தூக்கும் சங்கிலிப் பாரந்தூக்கி அது. அதன் உடலிலிருந்து கறுப்பு றப்பர் உறையிட்ட வடம் ஒன்று கீழே இறங்கும். வடத்தின் நுனியில் மஞ்சள் நிறப் பெட்டி. பெட்டியிலே ஏற்றுவதற்கொன்று, இறக்குவதற்கொன்று, எல்லாவற்றையும் உடனே நிறுத்துவதற்குக் காளான் வடிவான சிவப்புப் பொத்தானொன்று என மூன்று பொத்தான்கள் இருந்தன. பாடநூல்களில் இதனை ஆளி என்று படித்தோம். கடையில் அதன் பெயர் சுவிச்சுப் பெட்டி.

பார்ப்பதற்கு அற்பமான பொருள். ஆயினும் அதன் அமைப்பிலே நெடுங்கால அனுபவம் அடங்கியிருக்கின்றது. ஏற்றும் பொத்தானை அழுத்தியிருக்கும் வரைதான் பாரம் ஏறும். விரலை எடுத்தால் நின்றுவிடும். இயக்குபவர் மயங்கி விழுந்தாலும் இயந்திரம் தானாக ஓய வேண்டும் என்பதே கருத்து. ஏற்றுவதும் இறக்குவதும் ஒருசேர நிகழாதவாறு ஒன்றையொன்று தடுக்கும் ஒழுங்கு உள்ளே இருக்கும். பெட்டியின் பாரத்தை மின்கம்பிகள் தாங்கலாகாது. அதற்கென வடத்தோடு மெல்லிய உருக்குக் கயிறோ சங்கிலியோ சேர்ந்திறங்கும். அக்கயிறு வடத்தைவிடச் சற்றுக் குட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் இழுவை முழுவதும் கயிற்றுக்குச் செல்லும். வடம் தளர்ந்து கிடந்து மின்னை மட்டும் கொண்டு செல்லும். பாரம் சுமப்பது ஒன்று, செய்தி சுமப்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிட்டால் இரண்டும் கெடும். இவற்றை நான் அறிந்தது பிற்காலத்தில். அறிந்திருக்க வேண்டிய காலத்தில் அறிந்திருக்கவில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலம் அது. அந்த நீண்ட காத்திருப்பை இந்நாட்டு மாணவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டிற் சும்மா இருப்பதைவிடக் கடையில் இருந்து கணக்கெழுதட்டும் என்று உம்மா மாமாவிடம் என்னை ஒப்படைத்தார். கணித பாடத்தில் நல்ல பெறுபேறு வருமென்ற நம்பிக்கையிலே, ஏறக்குறைய எந்திரவியலாளன் ஆகிவிட்டவனைப்போல நான் கடைக்குள் நடமாடினேன்.

பாரந்தூக்கியை இயக்குபவர் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். நாற்பது வயதிருக்கும். தோட்டத்து லயத்திலே பிறந்து, கொழுந்து மூட்டை சுமந்து, பின் நகர்ப்புறம் இறங்கியவர். உயரம் ஐந்தடிக்கும் குறைவு, உடல் முறுக்கேறியது. சுவிச்சுப் பெட்டியைத் தம் முழங்கையின் உயரத்திலே பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாரத்தின் மேல் வைத்து, ஒரு கோப்பைத் தேநீரை வைப்பதுபோல அரைத் தொன் கம்பிக் கட்டை மேல்தளத்திலே வைத்துவிடுவார். நான் அவரை அண்ணே என்றழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது. முற்பகலில் மலைப்பக்கம் இருண்டது. அசர் தொழுகைக்குள் பெருந்தெருவில் நீர். கடையில் இருந்த அனைவரும் சீமெந்து மூட்டைகளைப் பாரந்தூக்கியால் மேலே ஏற்றினோம். நீர் முழங்காலுக்கு வந்ததும் மாமா பிரதான ஆளியை அணைத்துவிட்டார். எங்கள் பழைய இயந்திரத்தின் சுவிச்சுப் பெட்டிக்குள்ளும் 230 உவோற்று மின்னழுத்தமே வந்துகொண்டிருந்தது. புதிய இயந்திரங்களில் நிலைமாற்றி ஒன்றின் மூலம் 24 அல்லது 48 உவோற்றாக இதனைக் குறைத்துவிடுவர். முந்தைய வெள்ளமொன்றில் பெட்டி நீருள் மூழ்கி, உள்ளே சேறு புகுந்து, மாற்ற வேண்டி வந்ததாக மாமா சொல்லியிருந்தார்.

"மருமகன், அந்தப் பெட்டிய உசத்திக் கட்டுங்க!" என்று அவர் படிக்கட்டிலிருந்து கத்தினார்.

நான் ஏணியில் ஏறினேன். வடத்தை இரண்டாக மடித்தேன். நைலோன் கயிற்றாற் சுற்றி இறுக்கி முடிந்தேன். பெட்டி என் தலைக்கு மேலே நின்றது. என் உயரம் ஐந்தடி பத்தங்குலம். இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அந்த முடிச்சின்மேற் பெருமையாகவே இருந்தது. அன்றிரவு நீர் இடுப்பளவு ஏறியது. பெட்டி நனையவில்லை. மாமா என்னைப் பாராட்டினார்.

மறுநாட் காலை சேறு கழுவினோம். மின் இணைப்பைப் பார்க்க வந்த முதிய சிங்களப் பாஸ் பிரதான ஆளியைச் சோதித்துக் கொடுத்துவிட்டுப் போனார். வியாபாரம் தொடங்கியது. முடிச்சு மட்டும் அவ்வாறே இருந்தது. இன்னொரு வெள்ளம் வரக்கூடும், ஒவ்வொரு முறையும் அவிழ்ப்பதும் கட்டுவதும் யார் என்று நான் எண்ணினேன். எனக்குக் கையை உயர்த்தினால் பெட்டி எட்டியது. ஆகவே எட்டுகின்றது என்றே எண்ணிக்கொண்டேன்.

அவருக்கு எட்டவில்லை. வெறும் வண்ணப்பூச்சு வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று பொத்தானை அழுத்தினார். வாளி கிடைக்காதபோது ஒரு பலகைத் துண்டினால் எட்டி அழுத்தினார். முதலாம் நாள், "தம்பி, அதைக் கொஞ்சம் பதிச்சு விடுங்களேன்" என்றார். நாளை பார்ப்போம் என்றேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் சொன்னார். மூன்றாம் முறை அவர் சொன்னபோது நான் பேரேட்டில் ஒரு கூட்டல் பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான்காம் முறை அவர் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டமையைக் குறை தீர்ந்துவிட்டதென நான் பொருள் கொண்டேன். முதலாளியின் மருமகனிடம் ஒரு கூலியாள் எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை அவர் அறிந்திருந்தார். நான் அறியவில்லை.

பன்னிரண்டாம் நாள் முற்பகல். கம்பிக் கட்டொன்று ஏறிக்கொண்டிருந்தது. அவர் வாளியின்மேல் நின்று அழுத்தினார். கட்டின் ஒரு முனை மேல்தளத் திறப்பின் விளிம்பை நெருங்கவும் விரலை எடுத்தார். பாரம் நிற்கவில்லை. பெட்டிக்குள் எந்தத் தவறும் இல்லை. மேலே, என் முடிச்சின் இறுக்கத்திலே, வடத்தின் உறை தேய்ந்து, உள்ளே இரு கம்பிகளின் காவலுறையும் நசிந்து, செப்பும் செப்பும் தொட்டுவிட்டன. பொத்தானை அழுத்தாமலே அழுத்தியதாக இயந்திரம் கருதிக்கொண்டது.

அப்படியான வேளைக்கென்றே சிவப்புப் பொத்தான் வைக்கப்பட்டுள்ளது. அதை அடித்திருந்தால் சுற்று முழுவதும் அறுந்து இயந்திரம் நின்றிருக்கும். அவரும் அதை அடிக்கவே எம்பினார். கால் வாளியின் ஓரத்தில் வழுக்கியது. விரல் நுனி பட்ட பெட்டி ஊஞ்சல்போல் விலகிச் சென்றது. கம்பிக்கட்டின் முனை விளிம்பிலே கொளுவி நிமிர்ந்தது. தூக்குக் கயிறு வழுவியது. மாமா ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிரதான ஆளியை இழுத்தபோது கம்பிகள் கீழே விழுந்து முடிந்திருந்தன. விழுந்தவரின் இடது பாதம் அவற்றின் கீழே இருந்தது.

காலைக் காப்பாற்றினார்கள், இரண்டு விரல்கள் போயின. மருத்துவச் செலவையும் சில மாதச் சம்பளத்தையும் மாமா கொடுத்தார். ஊரில் அனைவரும் பழைய இயந்திரத்தின் கோளாறு என்றனர். வெள்ளத்தாலே வந்த வினை என்றும் சொன்னார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமொன்று 1934ஆம் ஆண்டு தொட்டு இந்நாட்டில் இருப்பதையும், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பாரந்தூக்கிகளைப் பற்றிப் பேசுவதையும் பல ஆண்டுகளின் பின் நூலகத்திலே படித்தேன். எங்கள் கடையில் எவரும் அவற்றின் பெயரைக் கூட உச்சரித்ததில்லை.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனேன். என்ன பேசுவதென்று தெரியாமல் தோடம்பழப் பையைக் கையிலே வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்து முதலிற் கேட்ட கேள்வி: "பெட்டியைப் பதிச்சாச்சா தம்பி? அடுத்த ஆளு வேல செய்யணுமே."

அக்கேள்வியில் குத்தல் இருந்ததா என்று அன்றிலிருந்து பலமுறை எண்ணிப் பார்த்திருக்கின்றேன். இருக்கவில்லை என்றே இன்றும் தோன்றுகின்றது. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பாஸ் மீண்டும் வந்தார். ஏணியில் ஏறி, முடிச்சை அவிழ்க்காமலே அதற்கு மேலும் கீழும் வடத்தை வெட்டி எடுத்தார். கீழே இறங்கி, ஒரு சொல்லும் பேசாமல் அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். நைலோன் கயிறு கடித்த இடத்திலே செப்பு பளபளத்தது.

பின்னர் அவர் செய்த வேலையை நான் அருகிருந்து பார்த்தேன். புதிய வடம், அதனோடு மெல்லிய உருக்குக் கயிறு, வடத்தைவிட ஒரு சாண் குட்டையாக. உருக்குக் கயிற்றின் மேல்நுனியைப் பாரந்தூக்கியின் உடலோடு நேரே பிணைக்காமல், அங்கிருந்து தொங்கவிட்ட ஒரு சங்கிலியிலே கொக்கியால் மாட்டினார். எந்த வளையத்தில் மாட்டுகின்றோமோ அதற்கேற்பப் பெட்டி உயரும் அல்லது தாழும். மிஞ்சிய வடம் மடங்கி நசியாதபடி, அரைவட்டமாக வளைத்த அகன்ற தகட்டின்மேல் பெரிய வளையங்களாகக் கிடந்தது. வடத்தை அதன் தடிப்பின் பல மடங்கு ஆரையுடைய வளைவாகவே வளைக்கலாம், கூர்மையாக மடித்தால் உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக முறியும் என்று சிங்களமும் தமிழும் கலந்து விளக்கினார். முடிச்சு எங்கும் இல்லை. ஏணியில் ஏறிக் கொக்கியை மாற்ற ஒரு நிமிடம் போதும். சங்கிலியில் இரு வளையங்களுக்கு வண்ணம் பூசினார். பச்சை, வேலை செய்யும் உயரம். சிவப்பு, வெள்ளத்துக்கான உயரம். சிவப்பு வளையத்தில் மாட்டுமுன் பிரதான ஆளியை அணைத்துப் பூட்டி, திறப்பை மாமாவின் மேசையில் வைக்க வேண்டும் என்றார். பச்சை வளையத்தைத் தேர்ந்தபோது அவர் என்னை அளக்கவில்லை. கடையிற் பணிபுரிந்தோருள் மிகக் குள்ளமானவரை அழைத்து, கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கச் சொல்லி, அந்த உயரத்தை எடுத்தார்.

நெட்டையர் குனிந்து எடுக்கலாம்; குள்ளர் நீண்டு எடுக்க முடியாது. இவ்வளவு எளிய உண்மை ஒரு விபத்தின் பின்னரே எனக்கு விளங்கியது.

அனுமதி கிடைத்துப் பேராதனைக்கு வந்தேன். 1964ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து இங்கு இடம்பெயர்ந்த எந்திரவியற் பீடத்தின் விரிவுரை மண்டபங்களில், நான் கண்ணாற் கண்டவற்றுக்கெல்லாம் பெயர் இருப்பதை அறிந்தேன். இழுவைத் தணிப்பு, தவறினாலும் பாதுகாப்பாகத் தவறுதல், அவசர நிறுத்தம் என்றெல்லாம் படித்தேன். வடம் அறுந்தால் இயந்திரம் நின்றுவிடும். ஆனால் வடத்தினுள் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டால் நிற்காமலும் போகலாம். அறுதலைவிட நசிதல் கொடியது என்று ஒரு விரிவுரையாளர் சொன்னபோது நான் குறிப்பேட்டில் எழுதாமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிகளின்மேல் அச்சிடப்படும் ஐபி 65, ஐபி 67 ஆகிய குறியீடுகளின் பொருளையும் அங்குதான் அறிந்தேன். முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது நீரையும் குறிக்கும். 65 என்றால் பீச்சும் நீரைத் தாங்கும். மூழ்கினாலும் தாங்குமென்று எண்ணலாகாது. 67 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். பிங்கா ஓயாவின் வெள்ளமோ அரை மணி நேரத்தில் வடிவதன்று.

எலிசா ஓற்றிஸ் என்ற அமெரிக்கர் 1854ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடந்த கண்காட்சியிலே, மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, உயர்த்தியின் மேடையில் தாமே ஏறி நின்று அதன் கயிற்றை வெட்டச் செய்தார் என்பது எந்திரவியல் வரலாற்றில் எல்லோரும் அறிந்த செய்தி. மேடை சற்றே இறங்கித் தடையாற் பிடிக்கப்பட்டு நின்றது. அவரது கண்டுபிடிப்பைப் பலரும் வியப்பர். என்னை ஈர்த்தது வேறொன்று. தாம் அமைத்த பொருளின் கீழோ மேலோ தாமே நின்று காட்டியமைதான் அது. நான் அமைத்த முடிச்சின் கீழே நான் ஒரு நாளும் நின்று வேலை செய்யவில்லை. நின்றிருந்தாலும் பயனில்லை, எனக்கு அது எட்டியிருக்கும். நாம் அமைப்பதை நாமே சோதிப்பது மட்டும் போதாது. நம்மைவிடக் குள்ளமானவர், முதியவர், கேட்கத் தயங்குபவர் சோதிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, முற்காலத் துலாவைப் பற்றி அவருடைய பாட்டனார் விவரித்தார். துலாவில் ஏறி மிதிப்பவர் மேலே. பட்டையைப் பிடித்து நீரைச் சாய்ப்பவர் கீழே. கோடையில் கிணற்று நீர் தாழத் தாழக் கயிற்றை நீட்ட வேண்டும். மாரியில் குறுக்க வேண்டும். கயிற்றின் நீளத்தை யார் முடிவு செய்வது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பட்டையைப் பிடிக்கிறவன்தான் தம்பி, வேறை ஆர்?" என்றார். பாரந்தூக்கியின் நூல்கள் பல பக்கங்களிற் சொல்வதை அம்முதியவர் ஒரு வரியிற் சொல்லிவிட்டார். எங்கள் கடையில் மட்டும் பட்டையைப் பிடிக்காதவன் கயிற்றை முடிவு செய்தான்.

இன்று வேலைத்தளங்களில் நீட்டினால் நீண்டு விட்டால் சுருங்கும் சுருள்வடங்கள் உண்டு. பெட்டியை வேண்டிய உயரத்திலே தாங்கும் வில்லுருளைகள் உண்டு. வடமே இல்லாது வானொலி அலைகளால் இயக்கும் கைக்கருவிகளும் வந்துவிட்டன. இவற்றால் எட்டாமை என்ற குறை நீங்கிவிட்டதென்று என் மாணவர் சிலர் கருதுகின்றனர். கைக்கருவி எவருடைய சட்டைப்பையில் இருக்கின்றதோ அவருக்கு மாத்திரம் அது எட்டும். அதன் மின்கலம் தீர்ந்துபோனால் எவருக்கும் எட்டாது. உயரம் என்பது அடியாலும் அங்குலத்தாலும் மட்டும் அளக்கப்படுவதன்று.

மாமாவின் கடை இப்போது வேறொருவர் கையில். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி கண்டி மாவட்டத்தை அலைக்கழித்துச் சென்றபின், சில வாரங்கள் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். களஞ்சியத்தை எட்டிப் பார்த்தேன். பழைய பாரந்தூக்கி இல்லை. தீராந்தி மாத்திரம் இருந்தது. அதிலே பச்சையும் சிவப்பும் மங்கிய சங்கிலித் துண்டொன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் காலமாகிச் சில ஆண்டுகளாயின. கால் ஆறியபின் அவர் கடைக்குத் திரும்பி, மேசையருகே அமர்ந்து பற்றுச்சீட்டுக் கிழிக்கும் வேலை செய்தார். சுவிச்சுப் பெட்டியை மீண்டும் அவர் தொடவில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நாளை கேட்போம் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் எண்ணினேன். முடிச்சை அவிழ்க்க நான் சொன்னதும் அதே நாளைதான்.

பாஸ் வெட்டித் தந்த வடத்துண்டு என் அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கின்றது. ஆண்டுதோறும் புதிய மாணவர்களிடம் அதைக் கொடுத்து, இதிலே என்ன பிழை என்று கேட்பேன். அவர்கள் உறையைப் பார்ப்பர், செப்பிழைகளை எண்ணுவர், வளைவின் ஆரையைக் கணிப்பர், கணிப்புகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிலர், இதைக் கட்டியவன் யார் சேர், இவ்வளவு அறியாதவனா என்று கேட்பதுண்டு. பழைய கடையொன்றிற் கிடைத்தது என்று சொல்லித் துண்டைத் திரும்ப வாங்கி வைத்துவிடுவேன்.

இம்முறை அவர்கள் கேட்டால் அவ்வாறு சொல்ல இயலாது. இக்கட்டுரையை அவர்கள் படித்திருப்பார்கள்.